பார்வை குன்றியோர்க்கு ஏற்ற கைக்கடிகாரம்

'மணி என்ன?' என்னும் கேள்வி நம்மில் பெரும்பாலோர்க்கு ஒரு பொருட்டன்று. மணிக்கட்டைச் சற்றே திருப்பினால் விடை கிடைத்துவிடுகிறது. கண்பார்வை குன்றிய ஒருவர்க்கோ அது நாள்தோறும் பலமுறை பிறரை எதிர்நோக்கச் செய்யும் கேள்வியாகும். கண்ணழுத்த நோய்க்காகக் குறித்த நேரத்தில் சொட்டு மருந்து இட்டுக்கொள்ளும் முதியவர், நீரிழிவுக்காக ஊசி போட்டுக்கொள்பவர், தேர்வு மண்டபத்தில் எஞ்சியுள்ள நேரத்தை அறிய விரும்பும் மாணவி ஆகியோர் எல்லோர்க்கும் மணி தெரிவது வெறும் வசதி மட்டுமன்று. மருந்து தவறுவதும், விடைத்தாள் முற்றுப் பெறாமல் போவதும் இதனால் நேரக்கூடும்.

இத்தகையோர்க்கு உதவ விரும்பும் உறவினர் பெரும்பாலும் செய்வது யாது? கடையில் உள்ள கடிகாரங்களுள் மிகப் பெரியதைத் தேர்ந்து வாங்கிப் பரிசளிக்கின்றனர். சில நாட்களுக்குப்பின் அது பெட்டியினுள் உறங்குகிறது. கடிகாரம் பெரிதாயிருந்தும் மணி தெரியவில்லை என்பதே காரணம். தக்க கடிகாரத்தைத் தேர்ந்தெடுப்பதில் அதன் பருமனைவிட முட்களின் தெளிவும், நிற வேறுபாடும், கண் கூசாமையுமே முதன்மையானவை. இதனை விளக்குவதும், களப்பணியாளரும் ஆசிரியரும் செலவின்றிச் செய்து பார்க்கத்தக்க ஒரு சோதனையைக் கூறுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பார்வை குன்றியோர் யாவர்?

பார்வை குன்றியோர் வேறு, பார்வை முற்றும் இழந்தோர் வேறு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இவ்விரு வகையினரையும் பிரித்தே கூறுகிறது. தக்க கண்ணாடி அணிந்த பின்னரும், இரு கண்களில் நன்கு தெரியும் கண்ணின் பார்வை 6/18 அளவிற்கு மேற்படாமலும் 3/60 அளவிற்குக் கீழே செல்லாமலும் இருப்பின், அவர் பார்வை குன்றியவர் ஆவார். பார்வைப் புலம் 40 பாகைக்குக் குறைந்து 10 பாகை வரை சுருங்கியவரும் அவ்வகையினரே.

6/18 என்பதன் பொருள் எளிது. நல்ல பார்வையுடையவர் 18 மீட்டர் தொலைவிலிருந்து படிக்கும் எழுத்தை இவர் 6 மீட்டர் தொலைவில் நின்றே படிக்க இயலும். 6/60 எனில், பிறர் 60 மீட்டரில் காண்பதை இவர் 6 மீட்டரில் காண்கிறார். எனவே இவர்களிடம் பயன்படத்தக்க பார்வை எஞ்சியிருக்கிறது. அதற்கேற்ற பொருளைக் கொடுப்பதே நம் கடமை.

கடிகாரத்தைத் தேடுமுன் செய்யவேண்டிய பணி ஒன்று உண்டு. அவரைக் கண் மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். நாற்பது வயதைக் கடந்தோர்க்கு வரும் வெள்ளெழுத்தினால் மட்டுமே முட்கள் மங்கித் தோன்றலாம். அதற்கு மலிவான கண்ணாடி போதும். கண்புரையாயின் அறுவை மருத்துவத்தால் பார்வை மீளக்கூடும். குணப்படுத்தத்தக்க குறையைப் பெரிய கடிகாரத்தால் மூடிவைத்தல் பிழையாகும். மருத்துவர் செய்யத்தக்கன யாவும் செய்தபின், எஞ்சிய பார்வைக்கே கடிகாரம் தேடுகிறோம்.

மணியை நாம் படிப்பது எவ்வாறு?

கடிகாரத்தின் எண்களைப் படித்தே மணி அறிகிறோம் என்று பலர் கருதுகின்றனர். உண்மை அதுவன்று. எண்களே இல்லாத முகப்பிலும் நாம் தடையின்றி மணி கூறுகிறோம். முட்கள் நிற்கும் கோணமே நமக்கு மணியை உணர்த்துகிறது. நிமிடமுள் ஒரு நிமிடத்தில் 6 பாகை நகர்கிறது. மணிமுள் ஒரு மணியில் 30 பாகை நகர்கிறது. எண்கள் அக்கோணத்தைச் சரிபார்க்கும் துணைகளே ஆகும்.

ஆதலின், எந்த முள் மணிக்குரியது, எந்த முள் நிமிடத்திற்குரியது என்பது ஐயமறத் தெரிதல் வேண்டும். 10 மணி 10 நிமிடத்தை எடுத்துக்கொள்வோம். கடை விளம்பரங்களில் நாம் அடிக்கடி காணும் நேரம் இது. அப்போது ஒரு முள் இடப்பக்கம் மேல்நோக்கியும் மற்றது வலப்பக்கம் மேல்நோக்கியும் நிற்கின்றன. இரு முட்களும் ஏறத்தாழ ஒரே நீளமும் ஒரே பருமனும் உடையனவாயின், பார்வை குன்றியவர் அதனை ஏறத்தாழ 1 மணி 51 நிமிடம் என்று படிக்கக்கூடும். அவ்வாறே 2 மணி 40 நிமிடம் 8 மணி 13 நிமிடமாக மாறித் தோன்றும். மணிமுள் குட்டையாகவும் அகன்றும், நிமிடமுள் முகப்பின் விளிம்பை எட்டும்படி நீண்டும் இருப்பின் இம்மயக்கம் நேராது. இரு முட்களும் வெவ்வேறு வடிவில் அமைந்திருப்பது இன்னும் நன்று.

அளவைப் பற்றிய ஒரு கணக்கு

பெரிய எண்களே போதும் என்னும் எண்ணத்தை ஒரு சிறு கணக்கால் ஆராய்வோம். ஒரு பாகையை 60 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு கலை எனப்படும். நல்ல பார்வையுடையவர் படிக்கத்தக்க மிகச் சிறிய எழுத்து கண்ணில் 5 கலை அளவுள்ள கோணத்தை ஆக்குகிறது. கண் மருத்துவர் பயன்படுத்தும் எழுத்துப் பலகை இந்த அளவையே அடிப்படையாகக் கொண்டது. 6/18 பார்வையுடையவர்க்கு இக்கோணம் 15 கலையாகவும், 6/60 பார்வையுடையவர்க்கு 50 கலையாகவும் இருத்தல் வேண்டும்.

கடிகாரத்தைக் கண்ணிலிருந்து 30 சென்டிமீட்டர் தொலைவில் வைத்துப் பார்ப்பதாகக் கொண்டால், 6/18 பார்வையுடையவர்க்கு 1.3 மில்லிமீட்டர் உயரமுள்ள எண்ணும், 6/60 பார்வையுடையவர்க்கு 4.4 மில்லிமீட்டர் உயரமுள்ள எண்ணும் அரிதின் முயன்று படிக்கத்தக்க எல்லையாகும். வருத்தமின்றிப் படிக்க இதனைப்போல் இருமடங்கேனும் தேவை. அஃதாவது, முன்னவர்க்கு 2.6 மில்லிமீட்டரும் பின்னவர்க்கு ஏறத்தாழ 9 மில்லிமீட்டரும் வேண்டும்.

இனி முகப்பைப் பார்ப்போம். கண்ணாடி வழியே தெரியும் முகப்பின் குறுக்களவு 34 மில்லிமீட்டர் என்று கொள்வோம். எண்கள் மையத்திலிருந்து 13 மில்லிமீட்டர் தொலைவில் வட்டமாக அமைந்தால், அவ்வட்டத்தின் சுற்றளவு ஏறத்தாழ 82 மில்லிமீட்டர். அதனைப் பன்னிரண்டால் வகுத்தால் ஓர் எண்ணுக்குக் கிடைக்கும் இடம் 7 மில்லிமீட்டருக்கும் குறைவே. 10, 11, 12 ஆகிய இரட்டை இலக்க எண்களை 9 மில்லிமீட்டர் உயரத்தில் இதனுள் அடக்க இயலாது. அடக்க முயன்றால் எண்கள் ஒன்றையொன்று நெருக்கிக் கலங்கித் தோன்றும். முட்களின் நுனியும் அவற்றினுள் மறையும்.

முட்களுக்கோ இத்தடை இல்லை. இதே முகப்பில் நிமிடமுள் 14 மில்லிமீட்டர் நீளம் இருக்கலாம். எழுத்துப் பலகையில் ஒவ்வொரு கோட்டின் பருமனும் எழுத்தின் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அக்கணக்கின்படி 6/60 பார்வையுடையவர்க்கு முள்ளின் அகலம் 0.9 மில்லிமீட்டர் இருப்பது எல்லையளவு. 2 மில்லிமீட்டர் அளவில் இருப்பின் வசதியாகும். இத்தகைய முள்ளை ஒரு கைக்கடிகாரத்தில் எளிதில் அமைக்கலாம். எனவே பார்வை மிகக் குன்றியவர்க்கு எண்களைப் பெருக்குவதைவிட முட்களை அகலமாக்குவதே பயனுடையது. எண்கள் பன்னிரண்டும் தேவையில்லை. 12, 3, 6, 9 என்னும் நான்கைப் பெரிதாக இட்டு, மற்ற இடங்களில் தடித்த கோடுகளை இட்டாலும் போதும்.

தொலைவும் கருதத்தக்கது. 30 சென்டிமீட்டரிலிருந்து 15 சென்டிமீட்டருக்குக் கடிகாரத்தை நெருக்கினால், விழித்திரையில் விழும் உருவம் இருமடங்காகிறது. பள்ளிப் பிள்ளைகளின் விழிவில்லை நெகிழ்ச்சியுடையது. ஆதலால் அவர்கள் இவ்வளவு நெருக்கத்திலும் தெளிவாகக் காண்பர். பிள்ளை கடிகாரத்தை முகத்தருகே கொண்டுசென்று பார்த்தால் ஆசிரியர் அதனைக் கண்டித்தல் ஆகாது. அதனால் கண் கெடுவதில்லை. முதியோர்க்கு அந்நெகிழ்ச்சி இல்லாமையால், நெருங்கிப் பார்க்கத் தக்க கண்ணாடியோ கையடக்கமான உருப்பெருக்கியோ தேவைப்படும்.

நிற வேறுபாடும் கண் கூச்சமும்

முள் எவ்வளவு அகன்றிருப்பினும், அது முகப்பின் நிறத்தோடு ஒன்றிவிட்டால் பயனில்லை. வெண்ணிற முகப்பில் கருநிற முள், கருநிற முகப்பில் வெண்ணிற முள் ஆகிய இரண்டுமே ஏற்றவை. பொன்னிற முகப்பில் பொன்னிற முள்ளும், வெள்ளி நிற முகப்பில் மெருகிட்ட எஃகு முள்ளும் கண்ணுக்கு அழகாயிருக்கலாம். ஆனால் மெருகிட்ட முள் ஒருபுறம் சாய்த்தால் வெண்மையாகவும், மறுபுறம் சாய்த்தால் கருமையாகவும் தோன்றி, இடையே முற்றும் மறைந்துபோகும். கருப்பு முகப்பில் சிவப்பு முள்ளும் மங்கிய வெளிச்சத்தில் தெரிவதில்லை. மெருகின்றி வண்ணம் பூசப்பெற்ற முள்ளையே நாடுதல் வேண்டும்.

மேலே உள்ள கண்ணாடியும் கவனத்திற்குரியது. சாதாரணக் கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மீது விழும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது. விலையுயர்ந்த கடிகாரங்களில் அமைக்கும் நீலமணிப் படிகமோ 8 விழுக்காட்டளவு திருப்புகிறது. அது கீறலைத் தாங்குமெனினும், எதிரொளி தடுக்கும் பூச்சு இல்லையாயின் பார்வை குன்றியவர்க்குத் தொல்லையே தரும். விலை உயர்ந்தது பார்வைக்கும் உயர்ந்தது என்று கொள்ளலாகாது என்பதற்கு இது ஒரு சான்று. புடைத்த கண்ணாடியைவிடத் தட்டையான கண்ணாடியில் விளக்கின் எதிரொளியைச் சற்றே சாய்த்து விலக்குவது எளிது.

தேதிச் சாளரம், சிறு வட்டங்கள், நிறுவனத்தின் பெயர், அழகுக்கோடுகள் ஆகியவை முகப்பில் மிகுந்தால் முட்கள் அவற்றினிடையே தொலைந்துபோகும். உரோமானிய எண்களில் மெல்லிய கோடுகள் நெருங்கி நிற்பதால் அவையும் தவிர்க்கத்தக்கவை. விநாடிமுள் தேவையில்லாதவர்க்கு அது இல்லாத கடிகாரமே தெளிவு; நாடி பார்க்கும் பணியிலுள்ளவர்க்கு அது வேண்டுமாயின் வேறு நிறத்தில் இருத்தல் நன்று.

கண்ணின் குறைக்கேற்ற முகப்பு

ஒரே அளவான பார்வையுடைய இருவர்க்கு ஒரே கடிகாரம் ஏற்றதாகும் என்று சொல்லிவிட இயலாது. குறையின் தன்மை வேறுபடுவதே காரணம்.

கண்புரை உள்ளவரின் விழிவில்லை ஒளியைச் சிதறச் செய்கிறது. பரந்த வெண்மை அவர் கண்ணைக் கூசவைக்கும். அறுவைக்குக் காத்திருக்கும் இவர்களுள் பலர்க்கும், வெளிச்சத்தைத் தாங்காத வெண்தோல் குறையுடையவர்க்கும் கருநிற முகப்பில் வெண்ணிற முட்கள் இதமளிக்கக் கூடும்.

முதுமையில் விழித்திரையின் மையப்பகுதி சிதைந்தவர், நேராக நோக்கும் பொருளின் நடுவே ஒரு மறைவைக் காண்கிறார். அவர் விழியைச் சற்றே ஒதுக்கிப் பக்கப்பார்வையால் பார்க்கப் பழகுகிறார். பக்கப்பார்வை நுண்மை குறைந்ததாகையால், இவருக்குப் பெரிய முகப்பும், தடித்த முட்களும், நல்ல வெளிச்சமும் ஆகிய மூன்றும் வேண்டும்.

மாலைக்கண்ணில் தொடங்கிப் பார்வைப் புலத்தைச் சுருக்கும் விழித்திரை நோயுடையவர் நிலை இதற்கு நேர்மாறானது. புலம் 5 பாகையாகச் சுருங்கியவர் சட்டப்படி பார்வையற்றோர் வகையினராயினும், அந்தச் சிறு புலத்தினுள் தெளிவாகக் காணக்கூடும். 30 சென்டிமீட்டர் தொலைவில் அவர் ஒரே நோக்கில் காணும் வட்டத்தின் குறுக்களவு 26 மில்லிமீட்டர் மட்டுமே. 45 மில்லிமீட்டர் முகப்பை அவரிடம் கொடுத்தால், ஒரு முள்ளைக் கண்டபின் மற்றொன்றைத் தேடவேண்டியிருக்கும். தெளிவான சிறு கடிகாரமே அவர்க்கு உதவும். பெரியதே சிறந்தது என்னும் கருத்தின் குறை இங்கே நன்கு விளங்கும்.

இலக்கக் கடிகாரமும் பிற வகைகளும்

முட்களின்றி எண்களாகவே மணி காட்டும் கடிகாரம் சிலர்க்கு ஏற்றது. குறிப்பாக, முட்களைக் கொண்டு மணி பார்க்கப் பழகாத இளையோர்க்கு. எனினும் மலிவான திரவப் படிகக் காட்சியில் சாம்பல் நிறப் பின்னணியில் கருஞ்சாம்பல் எண்கள் தோன்றுகின்றன. சாய்த்துப் பார்த்தால் அவையும் மங்கும். ஏழு துண்டுகளால் ஆகிய இவ்வெண்களில் 8-க்கும் 0-க்கும், 5-க்கும் 6-க்கும் ஒரு துண்டே வேறுபாடு. அத்துண்டு தெரியாவிடில் மணி பிழையாகும். முள் கடிகாரத்தில் சிறிது மங்கினாலும் ஐந்து நிமிட அளவிற்கே பிழை நேரும். இலக்கக் கடிகாரத்திலோ ஓர் இலக்கம் மாறினால் பல மணி நேரம் பிழையாகலாம்.

கருநிறத் திரையில் ஒளிரும் பெரிய எண்களைக் காட்டும் திறன்கடிகாரங்கள் நிற வேறுபாட்டில் சிறந்தவை. முகப்பை வேண்டியவாறு மாற்றவும், சிலவற்றில் மணியைக் குரலால் கேட்கவும் இயலும். ஆயினும் கடும் வெயிலில் மங்குதலும், பலவற்றுக்கு நாள்தோறும் மின்னேற்றம் வேண்டியிருத்தலும் அவற்றின் குறைகள். மின்சாரம் ஒழுங்காகக் கிடைக்காத ஊர்களில் இதனைக் கருதல் வேண்டும்.

இருளில் ஒளிரும் பூச்சு, வெளிச்சத்தை ஏற்றுச் சேமித்துச் சிறிது சிறிதாக வெளியிடுவது. படுக்கச் செல்லும்போது பளிச்சென்றிருப்பினும் விடியற்காலையில் மங்கிவிடும். இரவில் மணி பார்க்க வேண்டியவர்க்குப் பொத்தானை அழுத்தினால் முகப்பு முழுவதும் ஒளிரும் கடிகாரமே நம்பத்தக்கது.

கண்ணால் காண்பது பெருமுயற்சியாகிவிட்டவர்க்குப் பேசும் கடிகாரமும் தொட்டறியும் கடிகாரமும் உள்ளன. பேசும் கடிகாரம் அவர்க்குத் தெரிந்த மொழியில் பேசுகிறதா என்பதைக் கேட்டுப் பார்த்தே வாங்குதல் வேண்டும். தொட்டறியும் கடிகாரத்தில் கண்ணாடியை மூடிபோல் திறந்து முட்களை விரலால் தடவி அறியலாம். மணிக்குரிய இடங்களில் புடைத்த புள்ளிகள் இருக்கும். பெங்களூரில் 1961-ஆம் ஆண்டு கைக்கடிகார உற்பத்தியைத் தொடங்கிய எச்.எம்.டி. நிறுவனம் இத்தகைய பிரெயில் கடிகாரங்களையும் செய்தது. அந்நிறுவனத்தின் கடிகாரத் தொழிலை மூட 2016-இல் மத்திய அரசு முடிவு செய்தது. இன்று பிறர் செய்தவை கிடைக்கின்றன. நீரிழிவு நீடித்தவர்க்கு விரல் நுனியின் உணர்வு குறைந்திருக்கலாமாதலால், அவர் தடவி அறிய இயலுகிறதா என்று முன்னரே பார்த்தல் நலம்.

செய்து பார்க்கத்தக்க சோதனை

வாங்குமுன் பின்வரும் சோதனையைப் பள்ளியிலோ நலவாழ்வு நிலையத்திலோ செய்யலாம். தடித்த வெள்ளை அட்டையிலும் கருப்பு அட்டையிலும் 30, 35, 40 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள வட்டங்களை வெட்டுக. ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு தடித்த கோடுகளை இடுக. 1 மில்லிமீட்டர் அகலத்திலும் 2 மில்லிமீட்டர் அகலத்திலும் இருவகை முட்களை, வெள்ளை வட்டத்திற்குக் கருப்பாகவும் கருப்பு வட்டத்திற்கு வெள்ளையாகவும் வெட்டி, நடுவே குண்டூசியால் பொருத்துக. ஊசியின் கூர்முனையைப் பின்புறம் மடித்து ஒட்டிவிடுதல் வேண்டும்.

பார்வை குன்றியவர் தம் வழக்கமான கண்ணாடியை அணிந்து, தாம் கடிகாரம் பார்க்கும் முறையிலேயே அட்டையைப் பிடித்துக்கொள்ளட்டும். 10.10, 1.51, 6.33, 12.00, 2.40, 8.13, 4.00, 9.45, 11.05, 7.20 என்னும் பத்து நேரங்களை வரிசை மாற்றி வைத்துக் காட்டுக. இவற்றுள் சில, முட்கள் இடம் மாறித் தோன்றுவன, 6.33-இல் முட்கள் ஏறக்குறைய ஒன்றின்மேல் ஒன்று நிற்பன. எத்தனை பிழை நேர்ந்தது, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் ஆயிற்று என்று குறித்துக்கொள்க. பின்னர் இதனையே சாளரத்தருகிலும், வீட்டு விளக்கொளியிலும், வெயிலிலும் திரும்பச் செய்க. பிழை குறைந்தும், விடை விரைந்தும் வந்த அட்டை எதுவோ அதனை ஒத்த கடிகாரத்தைத் தேடுக. இறுதிச் சோதனையைக் கடையில், உண்மையான கடிகாரத்தைக் கொண்டு, கண்ணாடியின் எதிரொளியையும் பார்த்தே செய்தல் வேண்டும்.

வாரும் திருகும்

மணி தெரிந்தால் மட்டும் போதாது. கடிகாரத்தைத் தாமே அணியவும் இயலவேண்டும். சிறு துளைகளில் ஊசி நுழைக்கும் தோல்வார் பார்வை குன்றியவர்க்குச் சிரமம். கையை நுழைத்து அணியும் நெகிழும் உலோகப் பட்டையோ, ஒட்டிப் பிரிக்கும் துணிவாரோ எளிது. மணியைத் திருத்தும் திருகு விரலுக்கு அகப்படும் பருமனில் இருத்தல் வேண்டும். மின்கலம் மாற்ற அருகில் கடை உண்டா என்பதையும் கேட்டறிக.

பார்வைக் குறைக்கான துணைக்கருவிகள் பற்றி அறிய விரும்புவோர், தேராதூனிலுள்ள பார்வைக் குறையுடையோர்க்கான தேசிய நிறுவனத்தையும், தத்தம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரையும் நாடலாம். உதவிக் கருவிகள் வழங்க மத்திய அரசு 1981-ஆம் ஆண்டு முதல் ஒரு திட்டத்தை நடத்தி வருகிறது. தகுதியும் கிடைக்கும் கருவிகளும் எவையென அலுவலரிடம் கேட்டுத் தெளிதல் நலம்.

பயன்படுத்தப் போகிறவரே பார்த்து, அவரே தேர்ந்தெடுத்தல் வேண்டும் என்பதே இவை யாவற்றினும் முதன்மையான விதி. உறவினர் கண்ணுக்கு அழகாகத் தோன்றுவது அவர் கண்ணுக்குத் தெரியாமற் போகலாம்; நமக்கு எளியதாகத் தோன்றும் ஒரு வெள்ளை முகப்புக் கடிகாரமே அவர்க்கு உரிய நேரத்தில் மருந்தை நினைவூட்டலாம். களப்பணியாளரும் ஆசிரியரும் தம் பகுதியில் இத்தகையோர் ஒருவரையேனும் கண்டு இச்சோதனையைச் செய்து பார்ப்பாராயின், மணி கேட்டுப் பிறரை எதிர்நோக்கியிருந்த ஒருவர் தம் கையைத் திருப்பித் தாமே மணி கூறும் நிலையை அடைவார்.